விளிம்பின் அளவும் சொல்லின் அளவும்

ஒரு மொழியை இகழ விரும்புவோர் பெரிய சான்றுகளைத் தேடி அலைவதில்லை. கைக்கெட்டும் பொருளொன்றை எடுத்துக்காட்டி, "இதற்கு உங்கள் மொழியில் பெயர் உண்டா?" என்று கேட்டுவிட்டால் போதும். கேட்கப்பட்டவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கமே தீர்ப்பாக எழுதப்பட்டுவிடும்.

கெடா மாநிலத்தின் நகரங்களில், சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும், படித்த தமிழ் இளைஞரிடையே இக்கேள்வி தொப்பியின் உருவில் எழுவதுண்டு. மேலைநாட்டார் அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்க் கழற்றி வைத்த ஆடவர் தொப்பிகள் இன்று புதுப்பாணியாய்த் திரும்பி வந்துள்ளன. திருமணப் படப்பிடிப்பிலும் மேடைப் பாடலிலும் அவை தென்படுகின்றன. அவற்றை அணியும் இளைஞன் ஃபெடோரா வேறு, டிரில்பி வேறு என்று விளக்குகிறான். விளிம்பு 2 அங்குலத்துக்குக் குறைந்தால் பெயர் மாறும் என்கிறான். பின்னர், "தமிழில் எல்லாமே தொப்பிதான், வேறென்ன இருக்கிறது?" என்று முடிக்கிறான். அருகில் நிற்போர் சிரிக்கின்றனர். தமிழாசிரியரும் சில வேளை உடன் சிரிக்கின்றார். ஆசிரியரின் அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில், இளைஞன் வியக்கும் ஆங்கிலப் பெயர்களின் பிறப்பைப் பார்த்தல் வேண்டும்.

ஃபெடோரா என்பது தொப்பியின் வடிவையோ விளிம்பையோ குறிக்கும் சொல் அன்று. 1882ஆம் ஆண்டு பாரிசில் அரங்கேறிய விக்டோரியன் சார்தூவின் நாடகம் ஒன்றில் வரும் இளவரசியின் பெயர் அது. சாரா பெர்னார் என்னும் நடிகை அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். பெயர் முதலில் பெண்டிர் தொப்பியில் ஒட்டிக்கொண்டது. ஆடவர் தலைக்குப் பின்னரே ஏறியது. டிரில்பியின் கதையும் அத்தகையதே. ஜார்ஜ் டு மோரியர் 1894இல் நூலாக வெளியிட்ட புதினத்தின் நாயகி டிரில்பி. மறு ஆண்டு அது நாடகமாக இலண்டன் மேடையேறியது. தொப்பிக்குப் பெயர் கிடைத்தது. ஆக, ஆண்மையின் அடையாளமாக இன்று போற்றப்படும் இரு தொப்பிகளும் இரு கதைப் பெண்களின் பெயரையே சுமந்து திரிகின்றன.

ஹோம்பர்க் என்பது செருமானிய ஊர்ப்பெயர். வேல்சு இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டு அங்குச் சென்று அத்தொப்பியை விரும்பி அணிந்தமையால் அது புகழ்பெற்றது. பௌலர் என்பது 1849இல் இலண்டனில் அதைச் செய்துகொடுத்த தொப்பி வினைஞரின் குடும்பப் பெயர். வேட்டைக்காட்டுக் காவலரின் தலையைத் தாழ்ந்த மரக்கிளைகளிலிருந்து காப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அமெரிக்கர் அதே தொப்பியை டெர்பி என்பர். பனாமாத் தொப்பியோ பனாமாவில் பிறந்ததே அன்று. ஈக்குவடோர் நாட்டில், தோக்கிய்யா எனும் ஓலையைக் கீறி முடைவது அது. பனாமா வழியாக விற்பனைக்குச் சென்றமையால் சந்தையின் பெயர் பொருளுக்கு வாய்த்தது. முடைந்த கைகளின் நாடு மறைந்தது. 2012இல் யுனெஸ்கோ அம்முடைவுக் கலையை ஈக்குவடோரின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் ஏற்றிய பின்னரும் பெயர் மாறவில்லை.

இப்பெயர்களுள் எது விளிம்பின் அகலத்தைச் சொல்கிறது? எதுவும் இல்லை. விளிம்பின் அகலத்தை அறிய வினைஞன் அளவுநாடாவைத்தான் எடுக்கிறான். அங்குலத்தை எட்டாகப் பகுத்து எண்ணாலேயே குறிக்கிறான். டிரில்பியின் விளிம்பு குறுகியது, பின்புறம் மேல்நோக்கி மடிந்தது. ஃபெடோராவின் விளிம்பு அதனினும் அகன்றது, பெரும்பாலும் 2 முதல் 3 அங்குலம் வரை வருவது. ஹோம்பர்க்கின் விளிம்பு விறைத்து, சுற்றிலும் சுருண்டு நிற்பது. இவை பழக்கத்தால் அமைந்த வேறுபாடுகள். சட்டத்தால் அமைந்தவை அல்ல. அமெரிக்கர் ஃபெடோரா என்னும் தொப்பியை ஆங்கிலேயர் பலகாலம் டிரில்பி என்றே அழைத்தனர். பெயரிட்டவர்களே ஒத்துப்போகாத ஒன்றை வேதவாக்காகக் கொண்டு தாய்மொழியை நகையாடுதல் அறிவுடைமை ஆகுமா?

இதனால் ஆங்கிலத்தைப் பழித்ததாகக் கொள்ளல் வேண்டா. நாடகத்திலிருந்தும் ஊரிலிருந்தும் ஆளிடமிருந்தும் பெயரை எடுத்துப் பொருளுக்குச் சூட்டுவது உயிருள்ள மொழிகள் அனைத்தும் செய்வதே. ஆங்கிலேயர் தொப்பி அணிந்தனர். அதனால் தொப்பிக்குப் பெயர்கள் பெருகின. எவர் எப்பொருளோடு புழங்குகின்றாரோ அவர் வாயிலேயே அப்பொருளின் வகைகளுக்குப் பெயர் பிறக்கும். இதுவே பெயரிடலின் அடிப்படை. இதை ஒப்புக்கொள்வோர் அடுத்த வினாவையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழன் தலையில் எதை அணிந்தான்? அதற்கு எத்தனை பெயர் வைத்தான்?

தலைப்பாகை, முண்டாசு, உருமால், பரிவட்டம், முக்காடு, கொங்காணி, சும்மாடு என்று அடுக்கலாம். இவை ஒரு பொருளுக்கு அமைந்த பல பெயர்கள் அல்ல. தலைப்பாகை மடிப்பு நோக்கிக் கட்டுவது, மதிப்புக்கு உரியது. முண்டாசு வேலைக்குக் கட்டுவது. கையில் உள்ள துண்டே அதற்குப் போதும். பரிவட்டம் கோயில் மரியாதையாகத் தலையில் சுற்றப்படுவது. முக்காடு தலையையும் தோளையும் மூடுவது. கொங்காணி மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வது. சும்மாடோ அணியே அன்று. சுமைக்கும் தலைக்கும் இடையே இடும் சுருணை. ஒரே துணி, காலையில் முண்டாசு, நண்பகலில் சும்மாடு, கோயிலில் இடுப்புக் கட்டு, இரவில் போர்வை. துணி மாறாதிருக்கப் பெயர் மாறுகிறது. ஏனெனில் பயன் மாறுகிறது. விளிம்பில் அரை அங்குலம் குறைந்தமைக்குப் பெயரை மாற்றும் மொழியினும் இது நுண்மையில் குறைந்ததா?

தோட்டத்தில் இந்நுண்மை உயிரோடு விளங்கியது. பீடோங், சுங்கை லாலாங், பாடாங் செராய், லூனாஸ் முதலிய வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றவரின் தரத்தைத் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பால்மரம் வெட்டும் ஆடவனுக்கு முண்டாசு, வெட்டும் பெண்ணுக்கு முக்காடு, கங்காணிக்குத் தலைப்பாகையும் கோட்டும், துரைக்குத் தொப்பி. பேர் கூப்பிடுமுன்னரே தலைகள் தம் வரிசையைச் சொல்லிவிடும்.

அந்தத் துரையின் தொப்பியைப் பற்றியும் தெரிந்துகொள்ளல் நன்று. வெப்பநாடுகளில் வெள்ளையர் அணிந்த சோலாத் தொப்பி, நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் மென்மையான உட்சோற்றால் ஆனது. வங்காளத்திலும் வடநாட்டிலும் அச்செடிக்குச் சோலா என்று பெயர். தமிழில் அதன் பெயர் நெட்டி. தஞ்சை வினைஞர் கோபுரமும் தெய்வ உருவமும் செதுக்கும் அதே நெட்டிதான் துரையின் தலையில் வெயிலைத் தடுத்தது. சோலா என்னும் சொல்லின் பொருள் அறியாத ஆங்கிலேயர் பலர் அதைச் சூரியனைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லோடு மயங்கி, வெயில்தொப்பி என்றே எண்ணினர். அகன்ற விளிம்புடைய மற்றொரு கம்பளித் தொப்பிக்கு, இமயத்தின் அடிவாரமாகிய தெராய் நிலப்பரப்பின் பெயர் வாய்த்தது. ஆள வந்தவர்களின் தலையிலேயே ஆளப்பட்டவர்களின் சொற்கள் அமர்ந்திருந்தன. இதனால் ஆங்கிலம் தாழ்ந்ததென்று எவரும் சொல்லவில்லை. தமிழ் ஒரு சொல்லைக் கடன் வாங்கினால் மட்டும் தாழ்ந்துவிடும் என்பது எந்த நீதி?

தோட்டத் தமிழன் துரையின் தொப்பிகளை வகை பிரித்துப் பெயரிடவில்லை என்பது மெய். ஏன் இடவில்லை? அவன் பார்வை மழுங்கியதனாலா? அன்று. விளிம்பின் நிழலில் துரையின் கண் எத்திசை நோக்குகிறது என்பதைக் கணிக்கவேண்டிய நிலையில் இருந்தவன் அவன். அவ்விளிம்பை அவனைப்போல் உற்று நோக்கியவர் எவரும் இலர். ஆயின் அத்தொப்பி அவன் தலைக்கு உரியது அன்று. அவன் அதை வாங்கவில்லை, தைக்கவில்லை, அணியவில்லை. அவன் அறியவேண்டியிருந்தது ஒன்றே: தொப்பி வருகிறதா, இல்லையா? அதற்கு ஒரு சொல் போதும். தமிழ்நாட்டிலும் ஐரோப்பியர்க்குத் 'தொப்பிக்காரர்' என்றே பெயர் வழங்கியது. அச்சொல்லில் வறுமை இல்லை, வரலாறு இருக்கிறது.

தொப்பி வந்தபோது முண்டாசு அவிழ்ந்து கைக்கோ இடுப்புக்கோ இறங்கியதை மூத்தோர் மறக்கவில்லை. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் ஒன்று. கூலியோடு மானத்தையும் ஒரே பட்டியலில் எழுதிய மக்கள் அவர்கள். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை எதிர்ப்பும் அதைத் தொடர்ந்த அடக்குமுறையும் நிகழ்ந்தன. அந்த எழுச்சியையும் தலைநிமிர்வு என்ற சொல்லால் குறிப்பதே பொருந்தும். முண்டாசு என்ற சொல்லைக் கேட்டால் இவ்வளவும் நினைவுக்கு வரவேண்டும். வருகிறதா?

வரவில்லை என்பதுதான் வருத்தம். அதற்கு இளைஞனை மட்டும் குற்றம் சாட்டுதல் முறையன்று. குற்றத்தில் பங்கு பெறுவோர் மூவர்.

முதலாமவர், தமிழில் சொல் இல்லை என்று தேடாமலே தீர்ப்பளிப்பவர். ஆங்கிலத்தில் சுற்றிலும் விளிம்புள்ளதற்கு ஒரு பெயரும் விளிம்பில்லாததற்கு வேறொரு பெயரும் உண்டு. தமிழில் இரண்டும் தொப்பியே என்பது இவர்தம் பெரிய வாதம். குல்லாய் என்னும் சொல்லை இவர்கள் மறந்தது எப்படி? காந்திக் குல்லாய் என்று நாடெங்கும் வழங்கியதே, அதற்கு விளிம்பு இருந்ததா? பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் வேரூன்றிய அச்சொல், விளிம்பில்லாத் தலையணிக்கு அழகாகப் பொருந்துகிறது. மலாய் மக்களின் சொங்கோக்கும் அவ்வகையினதே. விளிம்பு இல்லாமையால்தான் அதை அணிந்தவாறே நெற்றி நிலம்பட வணங்க இயலுகிறது. தமிழ் முசுலிம்கள் தொழுகைக்கு அணிவதைத் தொப்பி என்றே வழங்குவர். அது அவர் வழக்கு. அதை மாற்ற எவர்க்கும் உரிமை இல்லை. பாடநூலிலும் வகுப்பறையிலும் வேறுபாடு காட்டவேண்டிய இடத்தில் கைக்கு அருகே ஒரு சொல் கிடக்கிறது என்பதே இங்குக் கருத்து. சொல் இல்லாமை வேறு. இருக்கும் சொல்லைக் குனிந்து எடுக்காமை வேறு.

இரண்டாமவர், அறைக்குள் அமர்ந்து சொல்லாக்கம் செய்பவர். இவர்தம் தமிழ்ப்பற்று ஐயத்துக்கு இடமற்றது. ஆயின் இவர் பொருளைப் பார்ப்பதில்லை, ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்க்கிறார். சோலாத் தொப்பியை இவரிடம் கொடுத்தால் சூரியத் தொப்பி என்று பெயர்த்துவிடுவார். ஆங்கிலேயரின் மயக்கமும் தமிழாகிவிடும். நெட்டித் தொப்பி என்று சொல்லியிருந்தால் பொருளும் விளங்கும், தஞ்சைக் கைவினையும் நினைவுக்கு வரும். ஃபெடோராவையும் டிரில்பியையும் பெயர்க்க முயல்வோர் இரு பெண்களின் பெயரைப் பெயர்க்க முயல்கிறார்கள் என்பதை உணரவேண்டும். இயற்பெயரை மொழிபெயர்ப்பார் உண்டோ?

மூன்றாமவர், தமிழாசிரியர். இவரைச் சொல்லும்போதுதான் மனம் கூசுகிறது. தோட்டத்துப் பிள்ளை தன் கட்டுரையில், "தாத்தா முண்டாசு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்" என்று எழுதுகிறது எனக் கொள்க. முண்டாசு கொச்சை என்று கருதி அதன்மேல் சிவப்புக் கோடிட்டு, தலைப்பாகை என்று திருத்தும் ஆசிரியர் இல்லையா? அத்திருத்தம் மொழிக்கும் தீங்கு, உண்மைக்கும் தீங்கு. பால்மரம் வெட்டியவர் தலைப்பாகை அணிந்து மரத்தடிக்குச் செல்லவில்லை. பிள்ளை கண்டதைச் சரியாக எழுதியது. ஆசிரியர் காணாததைப் பிழையாகத் திருத்தினார். அந்தச் சிவப்புக் கோடு ஒரு சொல்லின் மேல் மட்டும் விழுவதன்று. வீட்டில் பேசும் தமிழ் தமிழே அன்று என்னும் எண்ணம் அப்பிள்ளையின் நெஞ்சில் அன்று விழுகிறது. பிற்காலத்தில் நகரக் கடையில் நின்று, "தமிழில் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்கும் இளைஞன் அந்தப் பிள்ளைதான்.

அப்படியாயின் செய்யவேண்டுவது யாது?

மக்கள் வாயில் பதிந்த கடன்சொல்லைத் தமிழாகவே கொள்ளவேண்டும். தொப்பி என்பதே இந்துத்தானியிலும் மலாயிலும் தமிழிலும் சிறு ஒலி மாற்றத்தோடு உலவும் சொல். அதைத் துரத்திவிட்டுத் தூய சொல் தேடுவது வீண் வேலை. ஃபெடோரா, ஹோம்பர்க், பனாமா முதலியன இயற்பெயர்கள். அவை தமிழ் எழுத்தில் அப்படியே நிற்கட்டும். வடிவைச் சொல்லவேண்டிய இடத்தில் தமிழ்ச் சொல் தயங்காமல் வரட்டும். அகல்விளிம்பு, குறுவிளிம்பு, சுருள்விளிம்பு, மடிவிளிம்பு என்னும்போது, தொப்பியைக் காணாதவனும் அதன் உருவை உணர்வான். உச்சியில் உள்ளதைக் குழிவு என்றும், சுற்றிலும் கட்டியதை நாடா என்றும் சொல்வதற்குப் பேரவை கூடவேண்டுவதில்லை. டிரில்பி என்னும் பெயர் தராத செய்தியைக் குறுவிளிம்புத் தொப்பி என்னும் தொடர் தருகிறது. அளவு வேண்டுமெனின் 2 அங்குலம் என்று எண்ணால் எழுதட்டும். எண்ணுக்கு எந்த மொழியிலும் வறுமை இல்லை.

இம்முறை வெல்லும் என்பதற்குச் சான்று மலேசியாவிலேயே உண்டு. மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்காப்பு அணியவேண்டும் என்ற விதி இந்நாட்டில் 1973இல் வந்தது. தலைக்கவசம் என்னும் சொல் செய்தித்தாளிலும் வானொலியிலும் புழங்கி நிலைபெற்றது. பொருள் நாள்தோறும் தலையில் ஏறியது. சொல்லும் அதனோடு ஏறியது. பேச்சில் பலர் எல்மெட் என்பதும் மெய்யே. இரண்டும் அருகருகே வாழ்கின்றன, ஒன்றையொன்று கொல்லவில்லை. பொருளைப் பார்த்து ஆக்கிய சொல், புழங்கும் வாய்ப்பும் பெற்றால் வாழும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அகராதியில் படுத்துவிடும்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. தோட்டத்துச் சொற்களைப் பேசுவோர் இருக்கும்போதே பதிந்துவைத்தல் வேண்டும். கெடாவின் தோட்டங்கள் முன்போல் இல்லை. இரப்பர் நின்ற இடங்களில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்தில் பிறந்தவர் பேரன் இன்று அடுக்குமாடியில் வாழ்கிறான். அது வரவேற்கத்தக்க மாற்றமே. லயத்து வாழ்வு திரும்பவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆயின் வறுமையை விட்டு வெளியேறும்போது சொல்லையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது எந்த ஊர் வழக்கம்? பிரட்டு, ஒட்டுப்பால், மங்கு, ஆயாக்கொட்டகை, முண்டாசு ஆகியவற்றைப் பொருள் விளக்கி, எவ்வாறு புழங்கின என்று சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, மாணவரைத் தம் பாட்டன் பாட்டியிடம் அனுப்பினால், செலவு ஒன்றும் இல்லை. அரசின் ஆணைக்கும் காத்திருக்கவேண்டுவதில்லை.

"தொப்பிக்கு இத்தனை பேச்சா? தேர்வுக்கு உதவுமா, வேலைக்கு உதவுமா?" என்று கேட்போர் இருப்பர். அவர்தம் கவலை பொய்யன்று. பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் நன்கு வரவேண்டும், வேலை கிடைக்கவேண்டும். ஆயின் ஒன்றைக் கூர்ந்து பார்த்துப் பெயர் சொல்லப் பழகிய பிள்ளை எம்மொழியிலும் கூர்ந்து பார்க்கும். முண்டாசுக்கும் சும்மாடுக்கும் வேறுபாடு அறிந்தவனுக்கு, ஃபெடோராவுக்கும் டிரில்பிக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் அரிதன்று. தன் வீட்டுப் பொருளை இது, அது என்று சுட்டி மட்டும் பழகியவன், பிறர் வீட்டுப் பொருளின் பெயரை மனப்பாடம் செய்தாலும் அப்பொருளை அறியான். தொப்பி ஒரு பதச்சோறு. பானை முழுவதும் அப்படியே.

இளைஞன் விரும்பிய தொப்பியை அணியட்டும். அதில் குற்றம் காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பாட்டன் முன்னே முண்டாசை அவிழ்க்கச் செய்த தொப்பியைப் பேரன் தன் பணத்தில் வாங்கித் தன் விருப்பப்படி சாய்த்து அணிவதும் ஒருவகை வெற்றியே. ஆனால் அணிந்தபின் கண்ணாடியில் பார்க்கும்போது, விளிம்பின் அகலத்தோடு அதன் வரலாற்றையும் அவன் அறிந்திருக்கவேண்டும். வீட்டுக்குச் சென்று, "தாத்தா தலையில் கட்டியதற்கு என்ன பெயர்?" என்று ஒருமுறை கேட்கவேண்டும். விடை சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கும்போதே கேட்கவேண்டும்.